இல்லை என்று எழுதித் தர ஆளில்லை

கார்ஜ் லே கொனெஸ்,
ஞாயிறு, 9 யூன் 2019

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. உன்னையும் மருமகன் லோறன்சையும் மடுமாதா கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதப் போனேன், அம்மா எட்டிப் பார்த்து, முழங்காலைத் தவிர சுகம் எண்டு எழுதுங்கோ என்றார், ஆகவே முழங்காலைத் தவிர சுகம். கீழ்வீட்டுப் பிள்ளை வருகிற சனிக்கிழமை மொன்றியலுக்கு வருகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல்மாவும் கொடுத்து விடுகிறோம், பெட்டியின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அதற்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் இந்தக் கதையை அம்மாதான் சொல்லுவார், அவர் சொன்னால் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும், இரண்டிலும் நான் விசரனாக இருப்பேன். அது பிழை என்று சொல்ல வரவில்லை, அந்த விசர்த்தனம் எப்படிப் படிப்படியாக வந்தது என்று எழுதினால் என்பக்க நியாயமும் கொஞ்சம் விளங்கும் என்று பார்க்கிறேன். போன கிழமை நீ கேட்டாய், அப்பாவைச் சோமாஜிலை இருந்து வெட்டிப்போட்டாங்களாமே, உண்மையோ என்று. உண்மைதான். முழுவதையும் ஆறுதலாக வாசி.

நான் வேலைசெய்த உணவகம் போன புரட்டாதியில் பூட்டுப்பட்டது உனக்குத் தெரியும். முதலாளி இடத்தை விற்றார், வாங்கினவர் அதைக் கண்ணாடிக்கடை ஆக்கிவிட்டார். கோப்பை கழுவத் தொடங்கி சோஸ் கிண்டுகிற இடம் வரைக்கும் வந்திருந்தேன், கண்ணாடி விற்கத் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேலை போனவர்களுக்குக் கொடுக்கிற சோமாஜ் காசுக்குப் பதிந்தேன், நெடுங்காலம் வேலைசெய்தவன் என்றபடியால் அது சிக்கலில்லாமல் வரத்தொடங்கியது. வேலையில்லாதவர்களைப் பதிகிற அரசாங்கக் கந்தோரில் என்னைக் கவனிப்பதற்கு ஒரு பெண்ணை விட்டிருந்தார்கள், பெயர் இசபெல், உன் வயதுதான் இருக்கும், எனக்காக ஒவ்வொரு சொல்லாக மெதுவாகப் பேசுவார். முதல் நாளே அவர் சொன்னார், மிசியே றெமிஜியஸ், காசு வரும், ஆனால் நீங்கள் ஒழுங்காக வேலை தேடவேண்டும், தேடியதற்கு அத்தாட்சியும் வைத்திருக்கவேண்டும் என்று. நான் வுய் மதாம் என்றேன். ஓம் என்று வுய் சொல்வதில் நான் கெட்டிக்காரன், எதற்குச் சொல்கிறேன் என்பதில்தான் சில நேரம் பிசகிவிடும்.

ஆனால் பிள்ளை, நான் வேலை தேடவில்லை என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த எந்த வேலைக்கும் நான் ஒரு காகிதம் எழுதியது கிடையாது. எங்கள் ஆள் ஒருவன் ஏதாவதொரு குசினிக்குள் நிற்பான், அவனிடம் சொல்லிவைப்போம், அவன் பெரிய சமையல்காரனின் காதில் போட்டுவைப்பான், ஒரு நாள் பின்கதவால் வா என்பான். போய் ஜக்கெற்றைக் கொழுவிவிட்டுக் கோப்பை கழுவத் தொடங்கினால் அதுதான் நேர்முகப் பரீட்சை. எனக்குத் தெரிந்த தேடல் அதுதான், ஆகவே அதைத்தான் செய்தேன். காலையில் அம்மா வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற நேரம் நான் தலைசீவிக்கொண்டு றெயில் ஏறுவேன், பாரிஸ் நகரில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கி ரூ பஜோல் தெருப்பக்கத்தில் தொடங்கிக் கடை கடையாக ஏறி இறங்குவேன். போன இடமெல்லாம் கதிரை போட்டு இருத்தினார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள், உன் கலியாணத்தைப் பற்றியும் கனடாக் குளிரைப் பற்றியும் கேட்டார்கள், அதற்குப் பிறகுதான் வேலைக் கதை. பலசரக்குக்கடைத் தவரத்தினத்தை நீ மறந்திருக்கமாட்டாய், உனக்கு எப்போதும் கை நிறைய இனிப்பு அள்ளித் தருகிறவர். அவர், பாப்பம் அண்ணை, பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்து போனேன், சித்திரை பிறக்கட்டும் அண்ணை, ஒரு வழி பண்ணுவம் என்றார். அவருக்கு அடுத்த சாப்பாட்டுக்கடைக்காரர், லண்டனிலை இருந்து மச்சான் வாறான், வந்தாப்பிறகு இருந்து கதைப்பம் என்றார், அந்த மச்சான் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். ஒருவராவது இல்லை என்று சொல்லவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, சரிவரும் போலதான் கிடக்கு என்பேன். எங்கை சரிவரும் போலை கிடக்கு என்று அம்மா கேட்பார். எல்லா இடத்திலையும்தான் என்பேன். அம்மா சோற்றை வைப்பார்.

மாசி மாதத்தில் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தேடியதற்கான அத்தாட்சிகளோடு வரச் சொல்லி. இதைப் பார்ப்பது இசபெல் இல்லை, சரிபார்ப்பதற்கென்று வேறு பகுதி இருக்கிறது. நான் வெறுங்கையோடு போனேன், என்னிடம் என்ன இருந்தது, குடித்த தேத்தண்ணீர் மட்டும்தான். அங்கே இருந்தவர் எங்கெங்கே கேட்டீர்கள் என்றார், லா சப்பல் முழுக்க என்றேன். யார் மறுத்தார்கள் என்றார், ஒருவரும் மறுக்கவில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அப்படியென்றால் யார் உங்களை எடுத்தார்கள் என்றார், ஒருவரும் எடுக்கவும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அதே கேள்விகளைக் கேட்டார், நானும் அதே பதில்களைச் சொன்னேன். அந்த மனிதரை நான் பிழை சொல்லமாட்டேன். அவருடைய கணினியில் ஓம் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது, இல்லை என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது, பாப்பம் என்பதற்குக் கட்டம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் பதில் வந்தது, வேலை தேடியதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஒரு மாதத்துக்குப் பெயரை வெட்டுகிறோம், அந்த மாதத்துக் காசு இல்லை என்று.

ஒரு மாதம்தானே என்று நீ நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாதான் விளங்கப்படுத்தினார். அவர் காலையில் கந்தோர்கள் துடைத்துக் கொண்டுவருவது சாப்பாட்டுக்குப் போதும், வீட்டு வாடகை என் சோமாஜில்தான் போகிறது. அதைவிட, ஒரு தரம் வெட்டு விழுந்தால் அது கோப்பில் கிடக்கும், அடுத்த தரம் பிடித்தால் இன்னும் நீளமாக வெட்டுவார்கள், பென்சன் எடுக்கும் வரைக்கும் நாங்கள் இதில் தொங்கிக்கொண்டுதான் போகவேண்டும். இஞ்சரப்பா, முப்பது வருசமா ஆர் கேட்டாலும் ஓம் எண்டு மண்டையை ஆட்டின மனிசன் நீங்கள், உங்களுக்கு ஆர் இல்லை எண்டு சொல்லப்போகினம் என்று கேட்டார். கோபத்தில்தான் கேட்டார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. உனக்கு அப்போது சொல்லவேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தோம், சொன்னால் நீ காசு அனுப்புவாய், நீங்கள் வீடு வாங்கிய புதிது.

லா சப்பலில் ஒரு சங்கத்தின் அறையில் புதன்கிழமைகளில் ஜெர்மேன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார், எங்களைப் போன்றவர்களுக்குக் கந்தோர்க் கடிதங்கள் எழுதிக்கொடுப்பவர், காசு வாங்கமாட்டார், ஆனால் ஏசுவார். கடிதத்தை வாசித்துவிட்டு, இதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம், முதலில் அதே கந்தோரின் பெரியவருக்கு எழுதவேண்டும், இரண்டு மாதத்துக்குள் எழுதவேண்டும், அவர் ஏற்காவிட்டால் அதற்கு மேலே நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் எங்கே போனாலும் அத்தாட்சி இல்லாமல் வேலைக்காகாது என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, நீங்கள் கேட்ட கடைக்காரர்களிடம் திரும்பிப் போங்கள், இவர் வேலை கேட்டு வந்தார், எங்களிடம் இடம் இல்லை என்று சொன்னோம் என்று ஒரு வரி எழுதி, கடைச் சீல் குத்தித் தரச் சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றார். வுய் மதாம் என்றேன்.

முதலில் தவரத்தினத்திடம்தான் போனேன். விசயத்தைச் சொன்னதும் மனிசனுக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன அண்ணை கதைக்கிறியள், உங்களை வேண்டாமெண்டு நான் கைப்பட எழுதித் தாறதோ, நாளைக்கு அந்தக் கடுதாசியை ஆராவது கண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம் என்றார். தம்பி, ஒரு வரி போதும், எனக்கு உதவி என்றேன். உதவிதானே, இருங்கோ, நான் வடிவா ஒண்டு எழுதித் தாறன் என்று மனைவி கோசலையைக் கூப்பிட்டார். கடைக்கணக்கும் பிரெஞ்சு எழுத்தும் கோசலையின் பொறுப்பு. இவர் சொல்லச் சொல்ல அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். மிசியே றெமிஜியஸ் நேர்மையானவர், கைராசிக்காரர், அவரைப் போன்ற ஒருவர் எங்கள் கடையில் இருப்பது எங்களுக்குப் பெருமை, காலம் கூடிவரும்போது மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வோம். கீழே ஒரு சீல், அது தெளிவில்லை என்று இன்னொரு சீல். அடுத்த சாப்பாட்டுக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார், தவரத்தினம் இவ்வளவு எழுதியிருக்கத் தான் குறைந்துபோகக் கூடாது என்று அவர் இன்னும் நீளமாக எழுதுவித்தார், என் ஆட்டிறைச்சிக் கறிக்குப் பாரிஸ் நகரத்தில் நிகரில்லையாம், அந்த மனிதர் என் கையால் ஒரு முட்டை பொரித்துத் தின்றது கிடையாது. இப்படி இன்னும் சிலர். றெயிலில் இருந்து எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன், எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளை ஏன் ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அதே யோசனை கந்தோர்க்காரருக்கும் வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஜெர்மேனிடம் காட்டவேண்டும் என்றால் அடுத்த புதன் வரைக்கும் காத்திருக்கவேண்டும், இவ்வளவு புகழ்ச்சியை வீட்டில் சும்மா வைத்திருக்க எனக்குப் பொறுமை வரவில்லை. அவர் முதல் நாளே எழுதித் தந்திருந்த மேன்முறையீட்டுக் கடிதத்தோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டேன். பிறகு புதன்கிழமை போய்ப் பிரதிகளைக் காட்டினேன். அந்த அம்மா முதலாவதை வாசித்தார், இரண்டாவதை வாசித்தார், மூன்றாவதை வாசிக்காமலே கவிழ்த்து வைத்தார். ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேன்முறையீடு பெரியவரின் கைக்குப் போகுமுன் இசபெல் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் என் கோப்பு விரிந்து கிடந்தது, சீல் குத்திய தாள்கள் எல்லாம் மேலே. மிசியே றெமிஜியஸ், முன்பு நீங்கள் தேடவில்லை என்று வெட்டினார்கள், இப்போது இத்தனை பேர் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், நீங்கள் போகவில்லை, பெரியவர் இதைப் பார்த்தால் கிடைத்த வேலையை வேண்டாமென்றவர் என்று எடுத்துக்கொள்வார், அது இதைவிடப் பெரிய சிக்கல் என்றார். அவை மரியாதைக்கு எழுதினவை மதாம் என்றேன். மரியாதைக்கு என்றால் என்ன என்று கேட்டார். என்னிடம் இருப்பது குசினிப் பிரெஞ்சு, அதை வைத்து வெங்காயம் நறுக்கலாம், இதை நறுக்க முடியாது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, தவரத்தினத்தின் கடிதத்திலிருந்த இலக்கத்தை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

தவரத்தினம் எடுத்தார். நான் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. இசபெல் தன்னை அறிமுகப்படுத்தி, நீங்கள் மிசியே றெமிஜியசை வேலைக்கு எடுக்கத் தயாரா என்று கேட்டார். வுய் வுய் மதாம், மிக நல்ல மனிதர் என்றார் இவர். எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டார். விரைவில் மதாம், மிக விரைவில் என்றார். விரைவில் என்றால் இந்த மாதமா என்று கேட்டார். மதாம் இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் கடைக்கு வாருங்கள், வடை சுடச்சுட இருக்கும் என்றார். இசபெல் தொலைபேசியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். வடை என்றால் என்ன என்று என்னிடம் கேட்கவில்லை, ஆனால் தனக்கு இப்போது என்ன நடந்தது என்பது அவருக்கு விளங்கத் தொடங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மறுபக்கத்தில் ஒரு இழுபறி கேட்டது, விடுங்கோ இஞ்சை, தாங்கோ அதை என்று கோசலையின் குரல். பிறகு நல்ல பிரெஞ்சில் அவர் சொன்னது, இல்லை மதாம், எங்களிடம் இடம் இல்லை, முன்பும் இருந்ததில்லை, அவர் மாரிகாலம் முழுக்க வந்து வந்து கேட்டார், என் கணவருக்கு முகம் முறிக்கத் தெரியாது, அதனால் அந்த மனிதரை நாங்கள் அலையவிட்டோம் என்று. இதைத்தான் நான் தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தேன் பிள்ளை, கிடைத்தபோது கன்னத்தில் ஒன்று வைத்தமாதிரித்தான் இருந்தது. இசபெல் மெதுவாக, இப்போது சொன்னதை எழுதித் தரமுடியுமா மதாம் என்று கேட்டார். ஓம் என்றார் கோசலை. அடுத்த நாள் அது கந்தோருக்கே நேராக வந்திருந்தது, ஒரு சீல்தான், நல்ல தெளிவு. இசபெல் மற்றக் கடைகளுக்கும் எடுத்துப் பார்த்திருக்கிறார், எல்லாரும் ஓம் என்றார்களாம், ஒருவரும் திகதி சொல்லவில்லையாம். அதையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதிப் பெரியவருக்கு அனுப்பினார்.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. வெட்டை நீக்கியிருக்கிறார்கள், கோப்பிலும் அது இருக்காது, பிடித்த மாதத்துக் காசு இந்த மாதத்தோடு சேர்ந்து வரும். அம்மா அதை இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, இனி எங்கை போனாலும் முன்கதவாலை போங்கோ என்று மட்டும் சொன்னார். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிரெஞ்சு உணவகங்களுக்கு முன்கதவால் போகிறேன், அவர்கள் உட்காரக்கூடச் சொல்லாமல், இடம் இல்லை என்கிறார்கள், எழுதித் தாருங்கள் என்கிறேன், தருகிறார்கள். மனம் நோவதற்குக்கூட நேரம் இல்லை.

தவரத்தினத்திடம் இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அந்தத் தொலைபேசிக்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் கடையின் பின்பக்கம் போய்விடுகிறார், கோசலைதான் காசுப்பெட்டியில் நின்று சாமான் தருவார். வெள்ளிக்கிழமை நான் கறிவேப்பிலை வாங்கப் போனேன், அன்றும் அவர் பின்னுக்குப் போனார். கோசலை, அண்ணை, கோவமோ என்று கேட்டார். இல்லைத் தங்கச்சி, நீ செய்ததுதான் உதவி என்றேன், உள்ளே போகட்டுமோ என்று கேட்டேன், போங்கோ என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மனிசன் இருந்தார். நான் எழுதேல்லை அண்ணை, அவள் எழுதினது என்றார். தெரியும் என்றேன். முடிவு வந்ததைச் சொன்னேன், சந்தோசம் என்றார், ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. அண்ணை, நான் ஏன் பாப்பம் பாப்பம் எண்டு சொன்னனான் தெரியுமோ, இடமில்லை எண்டு சொன்னால் ஏன் இடமில்லை எண்டு கேப்பியள், அதுக்கு என்னெண்டு பதில் சொல்லுறது என்றார். பிறகுதான் சொன்னார், கடை நொடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. இடத்துக்காரன் வாடகையைக் கூட்டிவிட்டான், சனம் புறநகர்களிலேயே வாங்கிக்கொள்கிறது, இந்த வருடம் தாண்டினால் பெரிய காரியம், ஒருவருக்கும் தெரியாது, நான் கதிரையில் இருந்து வேலை கேட்ட நாட்களில் அவருக்கே அந்த இடம் நிச்சயமில்லை. இதைச் சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கேட்டார், அண்ணை, நீங்கள் இப்ப இதெல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கிறியள், கடை பூட்டுப்பட்டால் எங்களைப் போலை ஆக்களுக்கும் சோமாஜ் கிடைக்குமோ என்று.

எனக்கு அது தெரியும் பிள்ளை. ஜெர்மேனின் அறையில் காத்திருந்த நாட்களில் இதே கேள்வியை வேறொருவர் கேட்க, அவர் சொன்ன பதிலை நான் காதால் கேட்டிருக்கிறேன். சம்பளத்துக்கு நின்றவனுக்குத்தான் சோமாஜ், சொந்தக்கடை வைத்திருந்தவனுக்குக் கிடையாது, வெட்டுவதற்கு அவனுக்குப் பெயரும் இல்லை, எதிர்த்து எழுத ஒரு கந்தோரும் இல்லை. இவ்வளவும் நாக்கு நுனியில் வந்து நின்றது. தவரத்தினம் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையை வாங்கினேன். பாப்பம் தம்பி, புதன்கிழமை நானும் கூட வாறன், ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுப் பாப்பம் என்றேன்.

இதை நீ ஒருவரிடமும் சொல்லவேண்டாம், அம்மாவிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. ஒடியல்மாவை வெயிலில் ஒரு தரம் காயவைத்துவிட்டுப் போத்தலில் போடு, மிளகாய்த்தூளைக் குளிர்ப்பெட்டியில் வை. லோறன்சுக்கு எங்கள் அன்பைச் சொல், யூன் மாதம் என்று பாராமல் இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். பெட்டி கைக்கு வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் எடு, முழங்காலைப் பற்றி முதலில் கேள், மற்றதைப் பிறகு கேட்கலாம். தேவமாதா உங்கள் இருவருக்கும் துணைநின்று, கையில் எடுக்கிற காரியங்களை நேராக நடத்தித் தரவேண்டும் என்று இரவுச் செபத்தில் தினமும் கேட்கிறோம்.

என்றும் உங்கள் நன்மையையே நினைக்கும்
அப்பா,
ம. றெமிஜியஸ்